அட்டையில் எழுதிய எடை

2016ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு செங்கல் சூளைத் தொழிலாளி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பது முதல் நாளே தெரிந்திருந்தது. காசநோய்ப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்த எனக்கு அன்று இருந்த வேலை, அவருடைய எடையைப் பார்த்து அட்டையில் எழுதி, அவர் பெயர் எழுதிய மருந்துப் பெட்டியை ஒதுக்கிவைத்து, முதல் வேளை மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்கச் செய்வதுதான். எடை இயந்திரத்தில் ஏறியவர் சுவரில் ஊன்றிய கையை எடுக்கவில்லை. "கைய எடுத்துட்டு நில்லுங்கண்ணே, அப்பதான் சரியா காட்டும்" என்றேன். கையை எடுத்தார், முள் சற்று ஆடி 35இல் நின்றது, அடுத்த நொடியே மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அந்த 35 கிலோவில் ஒரு பங்கு வெறும் நீர் என்பதை எண்ணிப் பார்க்கும் அறிவு எனக்கு அன்று இல்லை.

அந்தக் காலத்து சிகிச்சை முறையில் பெரியவர்களின் எடை இரண்டு இடங்களில் மட்டுமே மருந்தை மாற்றியது. 60 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு மாத்திரை கூடும். 30 கிலோவுக்குக் கீழே இருந்தால் அளவு குறையும். 35 என்பது இரண்டிலும் சேராத எண் என்பதால் அதை எழுதியதோடு என் பொறுப்பு முடிந்தது என்றே நினைத்தேன். அவருடைய உயரத்தை நான் அளக்கவில்லை. புறப்படும்போது அவர் மனைவி, "மாத்திர சூடு, பசி எடுக்கும்னு சொல்றாங்களே சார், என்ன குடுக்கட்டும்?" என்று கேட்டார். "சத்தான சாப்பாடா குடுங்கம்மா" என்று, அந்த நிலையத்தில் நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லி வந்த அதே வாக்கியத்தைச் சொன்னேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

பதினேழாம் நாள் அவர் இறந்துவிட்டார். மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்ற கணக்கில் முதல் இரண்டு மாதத்துக்கான 24 வேளைகளில் 7 முடிந்திருந்தன. அவருக்கிருந்த கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையும் அல்ல. அட்டையில் 'இறப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த அட்டையை எடுத்த நாளை நான் மறக்கவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த 35 என்ற எண்தான். கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இருந்தும் ஒருவர் ஏன் இறக்கிறார் என்பதற்கான விடையின் பெரும்பகுதி அந்த எண்ணில் எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தொற்று ஏற்பட்டவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் வரைதான் வாழ்நாளில் என்றாவது நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களின் நுரையீரலில் கிருமி இருக்கும், ஆனால் சிறைப்பட்டிருக்கும். கிருமியை முதலில் விழுங்குபவை மேக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய வெள்ளை அணுக்கள். காசநோய்க் கிருமியோ தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கக் கற்ற கிருமி. ஆகவே டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து, 'உள்ளே இருப்பதைக் கொல்' என்று மேக்ரோஃபேஜுக்கு ஆணையிட வேண்டியிருக்கிறது. கொல்ல முடியாதவற்றைச் சுற்றி அணுக்கள் அடுக்கடுக்காகச் சூழ்ந்து நின்று ஒரு சுவரை எழுப்புகின்றன. கிரானுலோமா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தச் சுவர், ஒருமுறை கட்டிவிட்டுப் போய்விடக்கூடிய செங்கல் சுவர் அல்ல. ஒவ்வொரு நாளும் பழைய அணுக்கள் மடிய, புதியவை வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும். அப்படி வருவதற்குப் புரதமும் ஆற்றலும் நாள்தோறும் செலவாக வேண்டும்.

முடக்குவாதத்துக்காக டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் புழக்கத்துக்கு வந்த புதிதில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வெகுகாலமாக அடங்கிக் கிடந்த காசநோய் வெளியே வந்தது. அந்தச் சுவரை நிலைநிறுத்தும் புரதங்களில் டி.என்.எஃப். ஒன்று என்பதால்தான் அப்படி நேர்ந்தது. இன்று அந்த ஊசியைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஊசி செய்யும் அதே வேலையைப் பட்டினி காசில்லாமல் செய்கிறது என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

பட்டினி எப்படி அதைச் செய்கிறது? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற ஒரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மச்சையில் பிறக்கும் இளம் அணுக்கள் அங்கே சென்றுதான் டி அணுக்களாகப் பயிற்சி பெறுகின்றன. உணவு குறையும்போது உடலில் மற்ற உள்ளுறுப்புகளைவிட விரைவாகச் சுருங்குவது இந்தச் சுரப்பிதான்; கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இறந்த குழந்தைகளின் உடலில் அது மெல்லிய நார்போல ஆகியிருப்பதை மருத்துவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டு எழுதியிருக்கிறார்கள். பசியில் உடல் கார்டிசால் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது தசையைக் கரைத்து ரத்தத்தில் சர்க்கரையைக் காப்பாற்றுகிறது, ஆனால் தைமஸில் பயிற்சியில் இருக்கும் இளம் அணுக்களைக் கூட்டம் கூட்டமாக மடியச் செய்கிறது. உடலில் கொழுப்பு வற்றும்போது கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது. 'சேமிப்பு இருக்கிறது, செலவு செய்யலாம்' என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் அது. பட்டினி போடப்பட்ட எலிகளில் மங்கிப்போன டி அணுக்களின் எதிர்ப்பு, லெப்டினை மட்டும் ஊசியில் கொடுத்தபோது மீண்டது என்று 1998இல் காட்டினார்கள். அதாவது பட்டினி கிடக்கும் உடல், படையை வைத்துச் சோறு போட வழியில்லை என்று தானே கணக்குப் போட்டு, ஆட்களைக் குறைத்துக்கொள்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு சிறுமியின் முன்கையில் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இறந்துபோனவருக்கு எட்டு வயதில் ஒரு மகனும் நான்கு வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். வீட்டில் சளியில் கிருமியுள்ள நோயாளி இருந்தால் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. மகளின் எடை 10.5 கிலோ, அந்த வயதுப் பெண் குழந்தைக்கு ஏறத்தாழ 16 கிலோ இருக்க வேண்டும். முன்கையின் தோலுக்குள் மாண்டூ ஊசி போட்டோம். உடலுக்குள் காசநோய்க் கிருமி புகுந்திருந்தால், இரண்டு மூன்று நாளில் ஊசி போட்ட இடம் தடித்து வீங்கும். அந்தத் தடிப்பை அளவுகோலால் குறுக்காக அளந்து எழுதுவோம். மூன்றாம் நாள் பேனாவால் வட்டமிட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கொசு கடித்த தடம்கூட இல்லை. நிம்மதியோடு 'சுழியம்' என்று எழுதி மருத்துவரிடம் காட்டினேன்.

அவர் முகத்தில் நிம்மதி இல்லை. குழந்தையின் மேற்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கை சும்மா இருக்குன்னா உள்ள கிருமி இல்லன்னு மட்டும் அர்த்தமில்லீங்க. எதிர்த்து நிக்க ஆள் இல்லன்னும் அர்த்தம் இருக்கு" என்றார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. இரைப்பை நீரை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியபோது கிருமி இருப்பது உறுதியானது. மாண்டூ வீக்கம் என்பது கிருமியின் வேலை அல்ல. டி அணுக்கள் அந்த இடத்துக்குத் திரண்டு வருவதால் உண்டாகும் தடிப்பு அது. அந்தக் குழந்தையின் உடலில் வந்து திரள்வதற்குப் போதிய அணுக்கள் இல்லை. ஊட்டச்சத்து தேறிய பிறகு அதே ஊசி அதே குழந்தைக்கு வீங்குவதைத் தாம் பார்த்திருப்பதாக மருத்துவர் சொன்னார். சுழியம் என்று நான் எழுதிய எண், நோயின்மையைக் காட்டவில்லை, பசியைக் காட்டியது.

இன்னொன்றையும் அவர் அன்றைக்குச் சொன்னார். மிகவும் மெலிந்த குழந்தைக்குக் கடுமையான தொற்று இருக்கும்போதுகூடக் காய்ச்சல் வராமல் போகலாம்; சில வேளை உடல் தொட்டால் சில்லென்று இருக்கும். காய்ச்சல் என்பதும் உடல் முனைந்து மூட்டும் நெருப்பு, அதற்கு விறகு வேண்டும். அதனால்தான் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளுக்கு, தொற்றின் அறிகுறி எதுவும் தென்படாவிட்டாலும் முதல் நாளே ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 'காய்ச்சல் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை' என்று நோஞ்சான் குழந்தையைப் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. பசி நோயை வரவழைக்கிறது என்றால், வந்த நோய் பசித்த உடலை மேலும் தின்கிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் அடிப்படை ஆற்றல் தேவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அதே நேரத்தில் வாய்க்குச் சோறு பிடிப்பதில்லை. சுவரைக் காக்கும் அதே டி.என்.எஃப்., ரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருந்தால் தசையைக் கரைக்கிறது, பசியை அடக்குகிறது. அந்தப் புரதத்துக்கு அறிஞர்கள் வைத்த பழைய பெயர்களில் ஒன்று கேச்செக்டின். உடலை உருக்குவது என்ற பொருளில் வைத்த பெயர். நம் முன்னோர் இந்த நோயை எலும்புருக்கி என்றார்கள், சயரோகம் என்றார்கள். க்ஷயம் என்றால் தேய்தல். இன்றைய அரசுத் திட்டங்களின் பெயரில் வரும் 'நிக்ஷய்' என்ற சொல்லும் தேய்வில்லாத நிலை என்ற பொருளில் பிறந்ததுதான். கிருமி என்னவென்று அறியாத காலத்து மக்கள்கூட, இந்த நோயின் முகம் உடல் தேய்வதுதான் என்று கண்டு அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். கிருமியை அறிந்த நாங்கள்தான் தேய்வைப் பார்க்க மறந்தோம்.

அந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டு, அது சென்னையில் நடந்த வரலாறு. மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய்க்கு சிகிச்சை என்றாலே சானடோரியம்தான்: தாம்பரத்தில் 1928இல் தொடங்கியதைப் போல ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம், ஓய்வு, பால், முட்டை. 1950களில் மருந்துகள் வந்தபோது, லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை ஏது என்ற கேள்வி எழுந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஓராண்டு கவனித்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள்; அவர்களின் சாப்பாடு சானடோரியச் சாப்பாட்டைவிட மிகவும் குறைவு. ஆனால் சளியிலிருந்து கிருமி மறைந்ததில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது, ஏழைகளின் வீட்டு வாசலுக்கு மருந்தைக் கொண்டுவந்தது. அந்த ஆய்வு நம் மண்ணில் நடந்ததில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டிலேயே கிருமியை ஒழிக்க முடியுமா என்பது. 'முடியும்' என்ற விடையை, 'சாப்பாடு ஒரு பொருட்டல்ல' என்று பின்வந்த காலம் வாசித்துக்கொண்டது. எவருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் எவர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுகிறார், அந்த வீட்டில் அடுத்து எவர் படுக்கிறார் என்ற கேள்விகள் அதற்குள் அடங்கவில்லை. எங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்பட்டதும் மருந்து, மருந்து, மருந்து என்பதுதான். உணவு என்பது பாடத்தின் கடைசியில் வரும் ஓர் அறிவுரையாக இருந்தது.

அந்தக் கேள்விகளுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜார்க்கண்டில் விடை தேடினார்கள். மங்களூரின் ஏனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வுக்கு 'ரேஷன்ஸ்' என்று பெயர். சேத்துப்பட்டின் அதே மையம் வளர்ந்து ஆன தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2019 முதல் 2022 வரை நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரையும் பின்தொடர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை கிடைத்தது. வீட்டிலுள்ள மற்றவர்களைப் பொறுத்தவரை, ஒரு பாதிப் பகுதிகளில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதில் பாதியும், கூடவே வைட்டமின் மாத்திரைகளும் கொடுத்தார்கள். மறு பாதியில் வழக்கமான சாப்பாடுதான். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சிகிச்சை தொடங்கும்போதே ஊட்டம் குறைந்தவர்களாக இருந்தார்கள்.

2023இல் வெளிவந்த முடிவை நான் கைப்பேசியில் இரண்டு முறை படித்தேன். நோயாளியோடு மற்றவர்களுக்கும் உணவு கிடைத்த வீடுகளில் அந்த மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 35 கிலோ மனிதருக்கு 5 சதவீதம் என்பது ஒன்றே முக்கால் கிலோ. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசிக்கு இணையான வேலையைச் செய்திருக்கின்றன என்று சொன்னால் அது மிகையல்ல. காசநோய்க்கு இன்று பெரியவர்களைக் காக்க நம்பகமான தடுப்பூசி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த டப்பாக்கள் மருந்துக்கடைகளில் வரிசையாக நிற்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கி அவற்றை வாங்கிக் கொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு சத்தைத் தனியே பிரித்துக் கொடுத்தால் எதிர்ப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை சில இடங்களில் மெய்யாகியிருக்கிறது. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பதினைந்தாயிரம் சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்துவந்தபோது, அவர்களிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. குடலையும் சுவாசக் குழாயையும் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் கெடாமல் இருக்க அந்த வைட்டமின் வேண்டும், அது அறவே குறைந்திருந்த குழந்தைகள் அவர்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். உடன் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுப்பதும் இப்படி நிறுவப்பட்ட ஒன்றுதான். ஆனால் காசநோயில் அந்தக் குறுக்குவழி கைகொடுக்கவில்லை. மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய்த் தொற்று குறையவில்லை. அணுக்கள் பெருகுவதற்கும், எதிர்ப்புப் புரதங்கள் உருவாவதற்கும், சுவர் நிற்பதற்கும் முதலில் வேண்டியது வயிறு நிறையச் சோறும் போதிய புரதமும். அவை இல்லாத உடலில் டப்பாப் பொடி எதையும் கட்டி எழுப்பாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் நிலக்கடலையும் பருப்பும் வாங்குங்கள்.

அதற்காக எலும்பும் தோலுமாகிவிட்டவருக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊட்டிவிடவும் கூடாது. பல வாரம் அரைவயிறாகக் கிடந்த உடலில் திடீரென்று நிறையச் சோறு இறங்கும்போது, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் அணுக்களுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் சட்டென்று குறைந்து, இதயம் தடுமாறும். ஆசையோடு பிரியாணி வாங்கிவந்து ஊட்டிய மகன்களை நான் குறை சொல்ல மாட்டேன். இதை அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். மிக மெலிந்தவரை முதல் சில நாள் மருத்துவமனையில் வைத்து, சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்து ஏற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் செய்கிறது. நோய் உறுதியான அன்றே, ஆய்வகமோ எக்ஸ்ரேயோ இல்லாமல், எந்தச் சுகாதாரப் பணியாளரும் பார்க்கக்கூடிய சில அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் 14ஓ அதற்குக் கீழோ இருக்கிறதா. 16க்குள் இருந்து இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா. நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்குகிறதா. ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கியிருக்கிறதா. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பி, முழுமையாகப் பரிசோதித்து, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பயிற்சி நடந்த அறையில் திரையில் அந்தப் பட்டியல் வந்தபோது, எனக்கு 2016ஆம் ஆண்டின் சுவர் நினைவுக்கு வந்தது. உயரம் உத்தேசமாக 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கைப்பேசியில் கணக்குப் போட்டேன்: 13.7. கால் வீக்கம். சுவரைப் பிடிக்காமல் நிற்க இயலாமை. மூன்றும் என் கண்முன்னே நின்றிருந்தன, நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடும்பத்தின் கதை அவரோடு முடியவில்லை. மகள் பிழைத்தாள்; ஆறு மாத மருந்தோடு, அங்கன்வாடிச் சத்துமாவும் அந்த மருத்துவர் தம் கைப்பணத்தில் ஏற்பாடு செய்த முட்டையும் பாலும் சேர்ந்து அவளை 13 கிலோவுக்குக் கொண்டுவந்தன. ஆனால் 2018இல் அவளுடைய அம்மா அதே இருமலோடு அதே வாசலில் வந்து நின்றார். எடை 34 கிலோ. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நோயாளிகளின் வங்கிக் கணக்கில் உணவுக்காக மாதம் 500 ரூபாய் போடும் நிக்ஷய் போஷண் திட்டம் தொடங்கியிருந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு முதல் தவணை நான்காம் மாதம்தான் வந்தது, உடல் உருகும் முதல் இரண்டு மாதம் கழிந்த பிறகு. பணம் வந்த அன்று என்னைப் பார்த்து, "புள்ளைங்களுக்கு முட்ட வாங்கினேன் சார்" என்றார். அந்தப் பணம் அவர் சாப்பிடுவதற்கு என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எந்தத் தாயும் அப்படிக் கேட்டுக்கொள்ள மாட்டார். அதனால்தான் உணவை நோயாளி ஒருவருக்கு என்று அளக்காமல் வீட்டுக்கு என்று அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் குணமானார், ஆனால் அவருக்கு நோய் வந்திருக்கவே வேண்டியதில்லை என்ற எண்ணம் என்னை விடவில்லை.

ஜார்க்கண்ட் ஆய்வின் அளவுகளை வைத்து, 2016இல் அப்பாவை இழந்து நின்ற அந்த வீட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு பங்கு, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு. ஆக மாதம் 10 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு. அரிசி அவர்களுடைய குடும்ப அட்டைக்கு ரேஷனில் விலையில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. வெளிக்கடையில் அது 2015இன் இறுதியில் கிலோ 200 ரூபாயை எட்டியிருந்தது. அந்த வீட்டுக்குப் போதாமல் போனது மாதம் 2 கிலோ பருப்பு.